ஏழாம் அத்தியாயம்: டியூனிங் கைக்கருவியைத் தேர்ந்தெடுத்தல்

சேலத்துக்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் இடையே ஓடும் தேசிய நெடுஞ்சாலை 79இல் கள்ளக்குறிச்சியை அடைந்து, அங்கிருந்து மலைப்பக்கமாகத் திரும்பிக் கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் கடந்து, கல்வராயன் மலைமேல் கரியாலூருக்கும் வெள்ளிமலைக்கும் ஏறிச் செல்கிற ஒரு கார், எஞ்சினுக்கு நேரக்கூடிய சோதனைகளில் பெரும்பாலானவற்றை ஒரு காலைப்பொழுதுக்குள்ளேயே சந்தித்துவிடுகிறது. நெடுஞ்சாலையில் ஒரே சீரான வேகம். அரவைக் காலமாக இருந்தால், கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களுக்குப் பின்னால் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக ஊர்ந்து செல்லும் நிலை. அடிவாரத்தைத் தாண்டியதும், வேகம் குறைவாகவும் பாரம் மிகுதியாகவும் ஏற வேண்டிய கொண்டை ஊசி வளைவுகள். மேலே சென்றபின் மெலிந்த காற்று. சித்திரை, வைகாசி மாதங்களின் வெக்கையும் இவற்றோடு சேர்ந்துகொண்டால், எஞ்சினின் உண்மையான குணமும் குறையும் மறைவின்றி வெளிப்பட்டுவிடும்.

இத்தகைய வழியில் ஓட்டி மகிழ்வதற்கென்றே டர்போ எஞ்சின் பொருத்திய வேகமான கார் ஒன்றை ஆசையோடு வாங்கிய ஒருவர், சில மாதங்கள் ஓட்டிப் பழகியபின், இதன் பிக்கப்பை இன்னும் சிறிது கூட்ட வழியுண்டா என்று எண்ணத் தொடங்குவது இயல்பே. அப்படி எண்ணத் தொடங்கியவர் கண்ணில் முதலில் படுவதும், உள்ளங்கைக்குள் அடங்குகிற, ஸ்டீயரிங்குக்குக் கீழே பழுதறிவதற்கென்று உள்ள ஓபிடி துளையில் செருகியதும் சில நிமிஷங்களில் வண்டியின் குணத்தையே மாற்றிவிடும் என்று சொல்லி விற்கப்படுகிற கைக்கருவிதான். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, எதைப் பார்த்து வாங்குவது, எப்போது வாங்காமல் இருப்பதே நலம் என்பவற்றை விளக்குவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம். இதில் நான் வற்புறுத்த விரும்பும் கருத்து ஒன்றே: கைக்கருவியின் மதிப்பை அது கூட்டித் தருவதாகச் சொல்லும் குதிரைத்திறனைக் கொண்டு அளக்கலாகாது, எஞ்சினுக்குள் நடப்பதை அது எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது, வேண்டும்போது வண்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே எவ்வளவு பத்திரமாகத் திருப்புகிறது என்ற இரண்டைக் கொண்டே அளக்க வேண்டும்.

கருவி செய்யும் வேலை

இக்காலத்துக் காரில் எவ்வளவு பெட்ரோலைப் பீய்ச்சுவது, எந்தக் கணத்தில் பொறியை எழுப்புவது, டர்போ எவ்வளவு அழுத்தத்தில் காற்றை உள்ளே தள்ளுவது என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பது இ.சி.யு. என்னும் சிறு கணினி. அதன் நினைவகத்தில், இத்தனை சுழற்சியில், இத்தனை பாரத்தில், இத்தனை வெப்பத்தில் இன்னது செய்க என்று வரிசை வரிசையாக எழுதப்பட்ட அட்டவணைகள் இருக்கின்றன. இவற்றின் தொகுதியைத்தான் தொழிலில் உள்ளவர்கள் 'மேப்' என்கிறார்கள். தயாரிப்பாளர் இந்த அட்டவணைகளை எழுதும்போது, நல்ல பெட்ரோல் கிடைக்காத ஊரையும், எண்ணெய் மாற்றத் தவறும் உரிமையாளரையும், பனியையும் வெயிலையும், புகை பற்றிய சட்டத்தையும் கருத்தில் வைத்துப் போதிய இடைவெளி விட்டே எழுதுகிறார். அந்த இடைவெளியில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு சக்தியாக மாற்றுவதே ரீமேப் என்னும் காரியம். ஆகவே ரீமேப் செய்தவுடன் கிடைக்கும் கூடுதல் சக்தி வானத்திலிருந்து வந்ததன்று. எஞ்சினுடைய பாதுகாப்புக்கென்று ஒதுக்கி வைத்திருந்த சேமிப்பிலிருந்து எடுத்தது என்பதை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது.

உண்மையான கைக்கருவி ஒன்று ஐந்து வேலைகளைச் செய்ய வல்லதாக இருக்கும்: இ.சி.யு.வில் உள்ள மூல மேப்பைப் படித்துத் தன்னுள் சேமித்தல், புதிய மேப்பை எழுதுதல், மூல மேப்பை மீண்டும் எழுதுதல், ஓட்டத்தின்போது சென்சார்கள் சொல்வதைப் பதிவு செய்தல், பழுதுக் குறியீடுகளைப் படித்து நீக்குதல். விளம்பரங்கள் இரண்டாவது வேலையைப் பற்றியே ஓயாமல் பேசும். அனுபவமுள்ளவர் மற்ற நான்கையும் பற்றித்தான் முதலில் விசாரிப்பார்.

சந்தையில் உள்ள வகைகள்

கடைக்காரர் எல்லாவற்றையும் 'டியூனர்' என்ற ஒரே பெயரால் அழைப்பதால், வாங்குவோர் வகைகளைப் பிரித்தறியாமல் ஏமாற நேர்கிறது. முதல் வகை, வண்டியின் நிலையைப் படிப்பதற்கும் சிற்சில வசதிகளை மாற்றியமைப்பதற்கும் மட்டுமே உதவுவது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளை வைத்திருப்போர் பலர் பயன்படுத்தும், லித்துவேனியா நாட்டில் தயாராகும் ஓபிடிலெவன் இதற்கு நல்ல உதாரணம். நீண்டகாலமாக மதிக்கப்படும் வி.சி.டி.எஸ். இன்னொன்று. இவை எஞ்சின் சக்தியைக் கூட்டுவதில்லை; ஆனால் எஞ்சினைப் பற்றிய அறிவைக் கூட்டுகின்றன.

இரண்டாவது வகை டியூனிங் பெட்டி. ஜெர்மனியின் ரேஸ்சிப், பெங்களூரில் ரேஸ் டைனமிக்ஸ் நிறுவனம் தயாரிக்கும் டீசல்ட்ரானிக் முதலியவை இதைச் சேர்ந்தவை. இது இ.சி.யு.வுக்குள் நுழைவதில்லை, சென்சாருக்கும் இ.சி.யு.வுக்கும் இடையே அமர்ந்து, உண்மையில் உள்ள அழுத்தத்தைக் குறைவாகக் காட்டி, இ.சி.யு.வே அதிகமாகக் கொடுக்கும்படி செய்கிறது. கழற்றியவுடன் வண்டி பழைய நிலையை அடைந்துவிடும் என்பது இதன் பெருங்குணம். இ.சி.யு. மெய்யான நிலையை அறியாமல் இயங்குகிறது என்பது இதன் குறை. பொறி எழும் நேரத்தையும் எரிபொருள் விகிதத்தையும் ஒருங்கே சீர்செய்யும் ஆற்றல் எளிய பெட்டிகளுக்கு இல்லை.

மூன்றாவது வகையே இந்த அத்தியாயத்துக்கு உரிய, இ.சி.யு.வில் நேரடியாக எழுதும் கைக்கருவி. அமெரிக்காவின் கோப் நிறுவனத்தார் சுபாரு வண்டிகளுக்கென்று தொடங்கிப் பின் பல கார்களுக்கு விரித்த ஆக்சஸ்போர்ட் இதில் உலகப் புகழ் பெற்றது. இத்தாலியின் டிம்ஸ்போர்ட் தயாரிக்கும் மைஜீனியஸும், ஏலியன்டெக் தயாரிக்கும் பவர்கேட்டும் ஐரோப்பாவிலிருந்து வருபவை. இவற்றுக்கு மேலே, தொழிற்கூடங்களுக்கென்று விற்கப்படும் பெரிய கருவிகள் இருக்கின்றன. அவற்றிலும் மேப்பைத் திறந்து திருத்தக்கூடிய 'மாஸ்டர்', மாஸ்டர் அனுப்பியதை எழுத மட்டுமே வல்ல 'ஸ்லேவ்' என்ற பிரிவு உண்டு. ஒரே ஒரு காருக்காக மாஸ்டர் கருவி வாங்குவது வீண்செலவு. அதன் பெயரால் மலிவாகக் கிடைக்கும் போலிகளை வாங்குவதோ, எழுதும்போது பாதியில் நின்று இ.சி.யு.வையே செயலிழக்கச் செய்யக்கூடிய ஆபத்து.

முதல் கேள்வி: உங்கள் வண்டியை அது அறியுமா?

கருவியின் புகழைக் கேட்டு வாங்குவதற்கு முன், உங்களுடைய வண்டியின் மாடல், ஆண்டு, எஞ்சின், இ.சி.யு.வின் பாக எண் ஆகிய நான்கையும் எழுதிக்கொண்டு, கருவியின் அங்கீகாரப் பட்டியலில் அவை நான்கும் ஒருங்கே இருக்கின்றனவா என்று பாருங்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் வண்டி ஒன்றாகிவிடாது. ஆக்சஸ்போர்ட்டின் பட்டியல் அமெரிக்கச் சந்தையை முதன்மையாகக் கொண்டது. அதில் தலைமை வகிக்கும் சுபாரு நம் நாட்டுக் காட்சிக்கூடங்களில் விற்கப்படுவதே இல்லை. நம்மவர் ஆசையோடு வாங்கும் ஹூண்டாய் ஐ20 என் லைன், 2015இல் வந்த 145 குதிரைத்திறன் கொண்ட அபார்த் புன்டோ, விர்ட்டஸ் ஜி.டி. போன்றவற்றுக்கு அமெரிக்கக் கருவியைத் தேடுவதைவிட, ஐரோப்பியக் கருவியையோ, நம் நாட்டில் அந்த எஞ்சினை நன்கு அறிந்த டியூனர் பயன்படுத்தும் கருவியையோ தேடுவதே பிரயோஜனம்.

சில வண்டிகளில் இ.சி.யு.வே பூட்டப்பட்டிருக்கும். நம் செங்கல்பட்டை அடுத்துள்ள தொழிற்சாலையில் பொருத்தி முடிக்கப்பட்டு 2021இல் விற்பனைக்கு வந்த பி.எம்.டபிள்யூ. எம்340ஐ வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூன் மாதத்துக்குப்பின் தயாரான பி.எம்.டபிள்யூ. எஞ்சின் கணினிகளில் ஓபிடி வழியாக எழுதுவதைத் தடுக்கும் பூட்டு வந்துவிட்டதால், கணினியைக் கழற்றிப் பின்லாந்து நாட்டுக்கு அனுப்பித் திறந்து வாங்கும் வழக்கம் உலகெங்கும் ஏற்பட்டது. இதை அறியாமல் கைக்கருவியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்பவருக்கு அது மேஜைமேல் இருக்கும் அலங்காரப் பொருளாகவே முடியும்.

இ.சி.யு. அனுமதித்தாலும் கியர்பெட்டி அனுமதிக்க வேண்டும். விர்ட்டஸ், டைகுன், ஸ்லாவியா, குஷாக் ஆகிய நான்கிலும் வரும் 1.5 லிட்டர் டி.எஸ்.ஐ. எஞ்சின் 150 குதிரைத்திறனும் 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருவது. அதனோடு இணைக்கப்படும் ஏழு கியர் டி.எஸ்.ஜி. பெட்டி உலர் கிளட்ச் கொண்டது. அதற்குத் தயாரிப்பாளர் விதித்த எல்லையும் அதே 250 நியூட்டன் மீட்டர்தான். அதாவது, தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் நாளிலேயே அது தன் எல்லையைத் தொட்டுக்கொண்டு வருகிறது. அதன்மேல் முறுக்குவிசையைக் கூட்டி, வளைவுக்கு வளைவு நின்று கிளம்பும் மலைப்பாதையில் ஏற்றினால், கிளட்ச் தேய்மானத்தின் கணக்கை உரிமையாளரே செலுத்த வேண்டியிருக்கும். எண்ணெயில் நனைந்த கிளட்ச் கொண்ட பெட்டியோடு 2020இல் 200 வண்டிகள் மட்டுமே வந்த ஆக்டேவியா ஆர்.எஸ்.245 போன்றவற்றின் நிலை வேறு. ஆதலால் விற்பவரிடம் எத்தனை குதிரைத்திறன் கூடும் என்று கேட்பதற்குமுன், என் கியர்பெட்டியின் எல்லை எது, உங்கள் மேப் அதற்குள் நிற்கிறதா என்று கேட்பவரே விவேகி.

இரண்டாவது கேள்வி: மேப்பை எழுதியவர் யார், எந்தப் பெட்ரோலுக்கு எழுதினார்?

ஒரே கைக்கருவியில் நல்ல மேப்பும் இருக்கலாம், நாசம் செய்யும் மேப்பும் இருக்கலாம். கருவி வெறும் வாகனம், அதில் ஏறி வரும் அட்டவணையே பயணி. பெட்டியோடு வரும் ஆயத்த மேப், அதை எழுதியவர் சோதித்த பெட்ரோலுக்கும் தட்பவெப்பத்துக்கும் உரியது. மேலைநாட்டில் 98 ஆக்டேன் பெட்ரோலை எண்ணி எழுதப்பட்ட மேப்பை, பி.எஸ்.6 தரப்படி சாதாரண பெட்ரோலுக்குக் குறைந்தபட்ச ஆக்டேன் 91 என்று விதித்துள்ள நம் நாட்டில் அப்படியே ஏற்றினால், அழுத்தம் மிகுந்த கலவை பொறி எழுந்தபின் தானாக வெடித்து, நாக்கிங் என்னும் அந்த உலோக ஓசையை எழுப்பும். இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100 போன்ற உயர் ஆக்டேன் பெட்ரோல் 2020இல் பெருநகரங்களில் அறிமுகமானதுதான். ஆனாலும் மலைக்குப் போகும் வழியில் எந்தப் பெட்ரோல் பங்கில் நிரப்ப நேருமோ, அங்கே கிடைக்கும் பெட்ரோலுக்கு ஏற்ற மேப்பே உங்களுக்கு உரியது. எப்போதாவது கிடைக்கும் உயர்ந்த பெட்ரோலை நம்பி வண்டியை அமைத்துக்கொள்வது, நாள்தோறும் கிடைக்கும் பெட்ரோலால் எஞ்சினைக் கெடுத்துக்கொள்வதாகவே முடியும்.

கரும்பு விளையும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தார் நன்கு அறிந்த இன்னொரு விஷயமும் இங்கே குறுக்கிடுகிறது. 2023 தொடங்கி நாடெங்கும் பரவிய இ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். தூய பெட்ரோல் ஒரு பங்கு முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். இருபது சதவிகிதக் கலவைக்கு இது 13.5 அளவில் நிற்கிறது. எத்தனால் நாக்கிங்கை எதிர்க்கும் குணமுடையதாயினும், லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலில் உள்ள சக்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே கொண்டது. எனவே அதே வேலைக்கு எஞ்சின் அதிகமாகப் பீய்ச்ச வேண்டும். மூல மேப்பில் இதற்கு இடம் இருக்கக்கூடும். சக்தியைக் கூட்டிய மேப்போ, இன்ஜெக்டரையும் உயர் அழுத்த பம்ப்பையும் முன்பே எல்லைக்கு அருகில் கொண்டுபோயிருந்தால், இந்தக் கூடுதல் தேவையை ஈடுகட்ட அவற்றால் இயலாமல் போய்க் கலவை மெலிந்துவிடும். இ20க்கென்று சோதித்து எழுதிய மேப்பா என்று டியூனரிடம் நேரடியாகக் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் பணத்தைத் திரும்பப் பையிலே போட்டுக்கொள்ளுங்கள்.

மலையின் உயரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சின்னக் கல்வராயன் மலை ஏறத்தாழ 2,700 அடியும் பெரிய கல்வராயன் மலை ஏறத்தாழ 4,000 அடியும் உயர்ந்தவை. கடல்மட்டத்தில் 1013 மில்லிபாராக இருக்கும் காற்றழுத்தம், 2,700 அடியில் 918 அளவுக்கும் 4,000 அடியில் 875 அளவுக்கும் இறங்கிவிடும். டர்போ இல்லாத எஞ்சின் இந்த விகிதத்துக்கேற்ப வலுவிழக்கும். டர்போ எஞ்சின் அப்படி எளிதில் தளராது. ஆனால் அதற்கு ஒரு விலை கொடுக்கிறது. உள்ளே 2000 மில்லிபார் வேண்டும் என்று மேப் கேட்டால், சமவெளியில் டர்போ வெளிக்காற்றை இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாக அழுத்தினால் போதும். 2,700 அடியில் அதே அளவை எட்ட 2.18 மடங்கு அழுத்த வேண்டும். அதற்காக டர்போ இன்னும் வேகமாகச் சுழலும். காற்று இன்னும் சூடாகும். சூடான காற்று நாக்கிங்கை வரவேற்கும். வெளிக்காற்றின் அழுத்தம் குறையக் குறைய டர்போவிடம் கேட்கும் அழுத்தத்தையும் குறைக்கும் பாதுகாப்பு அட்டவணை ஒன்று மூல மேப்பில் இருக்கும். விளையாட்டு மேப் எழுதும் சிலர் இதைத் தளர்த்திவிடுவதுண்டு. மலைநாட்டில் ஓட்டுவோர் இதைத் தொடக்கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது கேள்வி: அது எதைக் காட்டும்?

பதிவு செய்யும் வசதிதான் நல்ல கருவியையும் சாமானியக் கருவியையும் பிரித்துக்காட்டும் உரைகல். கருவி பதிவு செய்ய வேண்டிய அளவுகள் குறைந்தபட்சம் ஆறு: கேட்ட டர்போ அழுத்தமும் கிடைத்த அழுத்தமும், ஒவ்வொரு சிலிண்டரிலும் நாக்கிங்குக்காகப் பின்வாங்கிய பொறிநேரம், உள்ளே நுழையும் காற்றின் வெப்பம், கலவை விகிதம், எரிபொருள் அழுத்தம், குளிரூட்டும் நீரின் வெப்பம். கியர்பெட்டி எண்ணெயின் வெப்பமும் தெரிந்தால் மிக நல்லது. புதிய மேப்பை ஏற்றுவதற்குமுன், மூல மேப்போடு அதே ஏற்றத்தில் ஒரு பதிவு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எண்களைப் படிக்க அதுவே அளவுகோல்.

அந்த எண்களை எப்படிப் படிப்பது? முழு ஆக்சிலேட்டரில் நான்கு சிலிண்டர்களிலும் பொறிநேரம் சிறிதளவு பின்வாங்கி உடனே திரும்புவது இ.சி.யு. விழிப்போடு இருப்பதன் அறிகுறி. ஒரே சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட மிகுதியாகப் பின்வாங்கினால் அந்தச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கையும் காயிலையும் இன்ஜெக்டரையும் பாருங்கள். எல்லாம் ஒன்றாகப் பெரிதும் பின்வாங்கினால் பெட்ரோலுக்கு மிஞ்சிய மேப் என்று அறிந்துகொள்ளுங்கள். கேட்ட அழுத்தத்துக்கும் கிடைத்த அழுத்தத்துக்கும் இடைவெளி விரிந்துகொண்டே போனால் எங்கோ குழாய் கசிகிறது, அல்லது டர்போ தன் எல்லையை எட்டிவிட்டது. வளைவுக்கு வளைவு உள்காற்றின் வெப்பம் ஏறிக்கொண்டே போய், இடைப்பட்ட நேர்பாதையில் இறங்காமல் இருந்தால், இன்டர்கூலருக்குப் போதிய காற்று கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட ஏற்றத்துக்கு அந்த மேப் உகந்ததன்று.

சிறிய டர்போ எஞ்சின்களுக்கென்றே ஓர் ஆபத்து உண்டு. எரிபொருளைச் சிலிண்டருக்குள் நேராகப் பீய்ச்சும் எஞ்சின்களை, குறைந்த சுழற்சியிலும் மிகுந்த பாரத்திலும் இழுக்கச் செய்தால், பொறி எழுவதற்கு வெகுமுன்பே கலவை தானாகத் தீப்பற்றி, ஒரே அடியில் பிஸ்டனை உடைக்கக்கூடும். இதைத் தடுக்கும் வகையில் வகுக்கப்பட்ட ஏபிஐ எண்ணெய்த் தரங்கள் 2018 முதலே வந்தன. ஏபிஐ எஸ்பி என்ற முத்திரையைப் பார்த்தும், அதனோடு உங்கள் தயாரிப்பாளர் குறித்த தரத்தையும் பார்த்தும் எண்ணெய் வாங்குங்கள். 1,500 சுழற்சியிலேயே முறுக்குவிசையை வாரி வழங்குவதாகப் பெருமை பேசும் மேப்பை, கல்வராயன் ஏற்றத்தில் நான்காம் கியரில் இழுத்துப் பார்ப்பது இந்த ஆபத்தை அழைப்பதற்கு ஒப்பாகும். கீழ்ச்சுழற்சியில் அடக்கமாகவும் நடுச்சுழற்சியில் தாராளமாகவும் எழுதிய மேப்பைத் தேர்ந்தெடுத்து, வளைவுக்குமுன் கியரைக் குறைத்து ஏறுங்கள். மலைப்பாதையில் பதிவைக் கவனிக்கும் பொறுப்பைப் பக்கத்தில் இருப்பவரிடம் விட்டுவிடுங்கள். ஓட்டுபவரின் கண்ணுக்கு உரியது பாதை ஒன்றே. அந்தப் பாதையில் மலைக்கிராமத்தாரின் பேருந்தும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் ஆடுமாடுகளும் உண்டு. அவர்களுடைய பாதையை யாரும் பந்தயத் தடமாகக் கொள்ளலாகாது.

நான்காவது கேள்வி: திரும்பி வரும் வழி உண்டா?

நல்ல கைக்கருவி முதன்முறை செருகியதும், எதையும் எழுதுவதற்குமுன் மூல மேப்பைச் சேமித்துக்கொள்ளும். சில கருவிகள் உங்கள் வண்டியிலிருந்தே மூலத்தைப் படிக்கின்றன. சில, அந்த மாடலுக்கு உரிய மூலத்தைத் தம் களஞ்சியத்திலிருந்து எடுத்துத் தருகின்றன. முன்னதே மேல். சேமித்த கோப்பைக் கருவிக்கு வெளியிலும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள்; கருவி பழுதானாலோ தொலைந்துபோனாலோ அந்தப் பிரதியே கைகொடுக்கும்.

எழுதும்போது கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு கண்டிப்பானது. எழுதி முடியும்வரை பேட்டரியின் மின்னழுத்தம் இறங்கலாகாது. ஆதலால் தக்க சார்ஜரை இணைத்து, விளக்கு, ஏசி, பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் அணைத்து, எஞ்சின் சூடு தணிந்தபின் நிழலில் நிறுத்தி எழுதுங்கள். மலைமேல் நின்றுகொண்டு எழுத முயலாதீர்கள். நடுவில் நின்றுவிட்டால், உதவிக்கு வரக்கூடிய தொழிற்கூடம் அருகில் இருக்கும் இடத்திலேயே இந்தக் காரியம் நடைபெற வேண்டும்.

பல கைக்கருவிகள் முதலில் இணைந்த வண்டியோடு கட்டுண்டுவிடும். அதிலிருந்து முறைப்படி விடுவித்தாலன்றி வேறு வண்டியில் இயங்கா. பழைய கருவியை வாங்குவோர், விற்பவர் அதைத் தம் வண்டியிலிருந்து விடுவித்துவிட்டாரா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்ட பின்பே பணம் கொடுக்க வேண்டும். உங்கள் வண்டியை விற்கும்போதும் மூல மேப்பை எழுதி, கருவியை விடுவித்து, நடந்ததை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவதே தர்மம்.

மூலத்துக்குத் திரும்பிவிட்டால் சுவடே இராது என்று எண்ணவும் வேண்டாம். எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கை இ.சி.யு. வைத்திருக்கும், ஃபோக்ஸ்வாகன் குழுமத்தார் மாற்றப்பட்ட மேப்பைக் கண்டறிந்தால் டி.டி.1 என்ற குறியைத் தங்கள் பதிவில் இடுகிறார்கள். அந்தக் குறி விழுந்தபின் எஞ்சின், கியர்பெட்டி ஆகியவற்றின் வாரண்டியை எதிர்பார்ப்பதற்கில்லை. வாரண்டிக் காலம் முடியும்வரை பொறுப்பது, பெரும்பாலோருக்கு, எந்தக் கருவியையும்விட அதிக லாபம் தரும். சர்வீஸுக்கு விடும்போது அங்கே புதிய மென்பொருள் ஏற்றப்பட்டால் உங்கள் மேப் அழிந்துபோவதோடு, சேமித்து வைத்த மூலமும் பழையதாகிவிடும். எனவே சர்வீஸுக்குமுன் மூலத்துக்குத் திருப்புவதும், பின்னர் புதிய மூலத்தைப் படித்து வைத்துக்கொள்வதும் வழக்கமாக வேண்டும்.

சட்டமும் காற்றும்

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு முரணான மாற்றங்களுக்கு இடமில்லை என்று இந்தப் பிரிவுக்கு விளக்கம் தந்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டத்தால் சேர்ந்த 182ஏ பிரிவின் நான்காம் உட்பிரிவு, சட்டம் அனுமதிக்காத வகையில் மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழி செய்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும், தெரிவிக்கப்படாத மாற்றத்தைக் காரணம் காட்டக்கூடும்.

பிற நாடுகளிலும் இதே போக்குத்தான். அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டத்தை மீறும் சாதனங்களை விற்றதற்காகக் கருவித் தயாரிப்பாளர்கள்மேல் அந்நாட்டு அரசு தொடர்ந்து நடவடிக்கை எடுத்துவருகிறது; ஆக்சஸ்போர்ட்டைச் செய்யும் நிறுவனமே 2024இல் அபராதம் செலுத்த உடன்பட்டது. கேட்டலிடிக் கன்வர்ட்டரை நீக்கவும், டீசல் வண்டியின் புகைவடிகட்டியை மறைக்கவும் வழி செய்யும் மேப்பை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நம் பொழுதுபோக்குக்காகக் கச்சிராயபாளையத்துக் கடைவீதியில் நிற்பவர் நஞ்சைச் சுவாசிக்க வேண்டும் என்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

இந்தக் காரணங்களாலேயே, பொதுச்சாலையில் மூல மேப்பும் பந்தயத் தடத்தில் விளையாட்டு மேப்பும் என்ற ஒழுக்கத்தை நான் பரிந்துரைக்கிறேன். ஒரு காலத்தில் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் தங்கள் வண்டிகளை ஓட்டிப் பார்த்த தமிழ்நாட்டு ஆர்வலர்களுக்கு, இன்று இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் முறையான தடங்கள் இருக்கின்றன. மூல மேப்போடு அங்கே சென்று, தடத்துக்குள் மாற்றி எழுதி, ஓட்டி முடித்தபின் மீண்டும் மூலத்துக்கு மாறி வீடு திரும்ப வழி செய்வது கைக்கருவி ஒன்றே. தொழிற்கூடத்தில் ஒருமுறை எழுதிவிட்டு வருகிற ரீமேப்பால் இந்த வசதி கிடைக்காது. கைக்கருவிக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்குத் தகுந்த நியாயம் இதுதான்.

வாங்கும் வரிசை

கருவிக்கு ஒதுக்கிய பணத்தை எடுப்பதற்குமுன், வண்டியின் ஆரோக்கியத்துக்கு வேண்டியதைச் செய்துவிடுங்கள். புதிய ஸ்பார்க் பிளக், சரியான எண்ணெய், கசிவற்ற குழாய்கள், மலையிறக்கத்தில் தளராத பிரேக் பேடும் பிரேக் எண்ணெயும், நல்ல டயர் ஆகியவை முதலில். அடுத்து, படிக்க மட்டும் வல்ல ஒரு சாதாரணக் கருவி. அதைக் கொண்டு கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை வரை வெயிற்காலத்தில் ஒருமுறையும் மழைக்காலத்தில் ஒருமுறையும் மூல மேப்போடு பதிவு எடுங்கள். அந்தப் பதிவில் உள்காற்றின் வெப்பமும் நாக்கிங்கும் கட்டுக்குள் இருந்தால்தான் கூடுதல் சக்தியைப் பற்றிச் சிந்திக்க இடமுண்டு. மூன்றாவதாக டியூனரைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பதிவைக் கேட்டு வாங்கிப் பார்த்து, பெட்ரோலைப் பற்றியும் கியர்பெட்டியைப் பற்றியும் தாமாகவே விசாரிப்பவர் தக்கவர். எண்ணையே முதலில் சொல்லி விலை பேசுபவரை விட்டு விலகுங்கள். நான்காவதாகத்தான் கருவி, அதையும் அந்த டியூனர் எழுதும் மேப்பை ஏற்கக்கூடிய, பில்லோடும் மென்பொருள் புதுப்பிக்கும் உரிமையோடும் வரும் கருவியாகவே வாங்குங்கள்.

வாரண்டி நீங்காத வண்டியும் எல்லையைத் தொட்டு நிற்கும் கியர்பெட்டியும் உடைய, தடத்துக்குப் போகும் எண்ணம் இல்லாத உரிமையாளருக்குப் படிக்கும் கருவி ஒன்றே போதுமானது. வாரண்டி முடிந்து, வலிய கிளட்சும் அறிந்த டியூனரும் வாய்த்து, ஆண்டுக்குச் சில நாட்களாவது தடத்தில் ஓட்ட விரும்புபவருக்கு, மூலத்தைக் காத்துப் பதிவையும் எடுக்கும் கைக்கருவி உண்மையிலேயே பயன்படும். இ.சி.யு.வைத் தொட விரும்பாமல் டியூனிங் பெட்டியை வாங்க எண்ணுபவரும், தனியாகப் பதிவு எடுக்கும் கருவி இல்லாமல் அதைப் பொருத்தலாகாது. இம்மூவரில் யாராக இருந்தாலும், தம் எஞ்சினின் எண்களைப் படிக்கக் கற்றுக்கொண்ட பின்னரே அவற்றை மாற்ற முற்படுவாராயின், கருவிக்கு அவர் செலவிடும் பணம் வீணாகாது.